சுவிசில் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்

1998 ஒக்டோபர் 14ஆம் திகதி, புதன்கிழமை, பகல் 11.40க்கு, உக்ரேனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒன்பது இலங்கையர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். ஐந்து பேர் தமிழர், நான்கு பேர் சிங்களவர்.

தமிழர்களில் மூத்தவர் இரத்தினசிங்கம். வயது நாற்பத்தொன்பது. கொழும்பில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் இருபத்திரண்டு வருடம் இலிகிதராக இருந்து, ஆட்குறைப்பில் வேலையை இழந்தவர். மனைவி சரோஜினிதேவியும் மகள் தர்மினியும் பாமன்கடையில் ஒரு மாடிவீட்டின் மேல்தட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஜனவரியில் ஏஜென்சிக்காரனோடு சுவிசுக்கு என்று புறப்பட்டபோது போட்டிருந்த அதே காற்சட்டையோடுதான் அவர் திரும்பியிருந்தார். இடுப்பில் ஒரு சணல் கயிறு மட்டும் புதிது.

விசாரணை, நீர்கொழும்பு நீதிமன்றம், பிணை என்று மூன்று நாள் போயிற்று. வீட்டுக்கு அறிவிக்க வழி கிடைக்கவில்லை. கூட வந்தவர்களில் நிஷாந்த என்ற வென்னப்புவச் சிங்களப் பெடியனின் அத்தான், மைத்துனனுக்குப் போட்ட கையெழுத்தோடு கையெழுத்தாக இவருக்கும் ஒன்று போட்டார். நிஷாந்தவின் அக்காவும் அத்தானும் இருந்தது ஹெந்தளையில். அத்தான் கொண்டுவந்த வான் அங்கே போய் நின்றதும் இரத்தினசிங்கம் முதலில் கேட்டது, தொலைபேசி எடுக்கக்கூடிய கடை எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

"சரோ, நான்தான்."

"கடவுளே. எங்க நிண்டு கதைக்கிறியள்?"

"ஹெந்தளை."

"எந்த ஹெந்தளை?"

"எத்தினை ஹெந்தளை இருக்கு? வத்தளைக்குப் பக்கத்தில."

சரோஜினிதேவி அழுதார். இரத்தினசிங்கம் அழுது முடியட்டும் என்று காத்திருந்தார். ஆனால் அழுகை முடிந்து வந்த குரல் அவர் எதிர்பார்த்த குரலாக இல்லை. அது தாழ்ந்து, அவசரப்பட்டு வந்தது.

"இஞ்ச வந்திடாதேங்கோ. கேக்குதே? ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. வாற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நான் வாறன். அதுவரைக்கும் அந்தப் பக்கமே நில்லுங்கோ."

ஹெந்தளை வீட்டின் பின்பக்கம் வலை போட்டு வைக்கும் அறை ஒன்று இருந்தது. வலைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கி, கட்டில் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த அறையில் படுத்திருந்து இரத்தினசிங்கம் கணக்குப் பார்த்தார். நான்கு நாடுகளைக் கடந்திருந்தார். ஒரு நாட்டையும் பார்க்கவில்லை. மொஸ்கோ என்பது பதினேழு பேர் படுத்த ஒரு அறையும் இரண்டு மாதம் திறக்கப்படாத ஒரு திரைச்சீலையும். பிறகு இரவு முழுக்க ஓடிய ஒரு லொறி. பிறகு முழங்கால் அளவு பனியில் நடை, டோர்ச் வெளிச்சம், நாய்கள். பிடித்தபின் ஏழு மாதம் உக்ரேன் எல்லைக்கு அருகே ஒரு பழைய படைமுகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அதை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தொரு பேர், இரண்டு அடுப்பு, முறை வைத்துச் சமையல்.

முதல் முறை வந்தபோது அவர் உருளைக்கிழங்கையும் கத்தியையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். நிஷாந்த சிரித்துவிட்டு, "அய்யே, அது உங்களைக் கடிக்காது" என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல், சிங்களத்தில் சொன்னான். கம்பனியில் இருபத்திரண்டு வருடம் இரத்தினசிங்கம் சிங்களம் பேசியிருந்தார். எல்லாம் மேலதிகாரிகளோடும் சுங்கத்தோடும் பேசிய சிங்களம். பகிடிக்குப் பதில் சொல்லும் சிங்களம் அவரிடம் இல்லை. அது வர ஒரு மாதம் எடுத்தது. வெங்காயம் வெட்ட வர மூன்று கிழமை.

அங்கே ஒவ்வொருவனுக்கும் இரண்டு மூன்று பெயர். கடவுச்சீட்டில் ஒன்று, எல்லைக் காவலுக்குச் சொன்னது ஒன்று, தாய் வைத்தது ஒன்று. சொந்தப் பெயரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது ஏஜென்சி சொல்லிக் கொடுத்த பாடம். ஜூன் மாதத்தில் ஒரு பெடியனுக்குக் காய்ச்சல் வந்தது. குமார் என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ஐந்தாம் நாள் ஓர் அதிகாரி வந்து, அவன் இறந்துவிட்டான், உண்மைப் பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டார். முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவனோடு ஒரே போர்வைக்குள் படுத்தவனுக்கும் தெரியவில்லை. மன்னார்ப் பக்கம் போல, பேச்சு அப்படித்தான் இருந்தது என்றான் ஒருவன். அதிகாரி கொஞ்ச நேரம் பேனையைத் திறந்தபடி வைத்திருந்துவிட்டு மூடினார்.

அன்று பின்னேரம் அடுப்படியில் நின்றபோது இரத்தினசிங்கம்தான் தொடங்கினார். தன் பெயரையும் தகப்பன் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னார். பிறகு மற்றவர்கள் சொன்னார்கள், ஒருவர்பின் ஒருவராக, சிங்களவர்களும்.

சரோஜினிதேவி சொன்ன ஞாயிற்றுக்கிழமையே வந்தார். மூன்று பஸ் மாறி, இரண்டு சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, கையில் ஒரு சாப்பாட்டுக் கரியருடன் வந்தார். கரியரைத் திறக்கத் தேவை வரவில்லை. இரத்தினசிங்கம் மண்ணெண்ணெய் அடுப்பில் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

சரோஜினிதேவி கட்டில் விளிம்பில் இருந்து கணவரின் கையைப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டதில்லை.

"நீங்கள் வெங்காயம் வெட்டுறியள்."

"ஓம்."

"சுவிசில போய்த்தான் பழகினதெண்டு சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

மே மாதத்துக்குப் பிறகு ஏஜென்சிக்காரனிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை. யூலையில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நிற்கிறார். கீழ்வீட்டுக்காரர் சிவானந்தனின் மனைவி வருகிறார்.

"'இன்னும் ஒண்டும் தெரியேல்லையோ' எண்டு கேட்டா. கேட்டது பிழையில்லை. ஆனா அந்த முகம்! செத்தவீட்டுக்கு வந்தவ மாதிரி ஒரு முகம். என்ர வாயில வந்திட்டுது. சுவிசில போய் இறங்கிட்டார் எண்டு."

"நீர் சொன்னனீரோ?"

"சொன்னதோட விட்டால் நம்புவினமே? அடுத்த நாள் லட்டு வாங்கிக் குடுத்தனான்."

"லட்டோ?"

"அம்பது லட்டு." சரோஜினிதேவிக்குச் சிரிப்பும் வந்தது. "நீங்கள் உயிரோட இருக்கிறியளோ எண்டு தெரியாமல் லட்டுக் குடுத்த பொம்பிளை நான். திட்டுறதெண்டால் திட்டுங்கோ."

இரத்தினசிங்கம் திட்டவில்லை. குழம்பை இறக்கி வைத்தார்.

லட்டு கொடுத்து மூன்று கிழமையில் சம்பந்தம் ஒன்று வந்ததாம். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் கதிர்காமநாதன். அவருடைய மகன் வங்கியில் வேலை. நல்ல பெடியன், தர்மினிக்கும் பிடித்திருக்கிறது, சாதகமும் பொருந்திவிட்டது. நவம்பர் 29ஆம் திகதி பேசி முடிக்க வருகிறார்கள்.

"உள்ளதைச் சொல்லுறன். தகப்பன் சுவிசில எண்டபடியால்தான் அவை சாதகத்தையே கேட்டவை. அவளுக்கு இருபத்துநாலு. நாங்கள் இஞ்ச வாடகைக்கு இருக்கிற ஆக்கள், வேலையில்லாத தகப்பன் எண்டால் ஆர் படியேறுவினம்? தை மாதம் கலியாணம் முடியட்டும். பிறகு நீங்கள் திரும்ப வெளிக்கிடலாம். இரண்டாந்தரம் காசு வாங்காமல் அனுப்புறன் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான்."

"நான் திரும்பப் போகேல்லை, சரோ."

"அதைப் பிறகு பாப்பம். இப்ப ஒரு உதவி. அண்டைக்கு நாலே முக்காலுக்கு வீட்டுக்கு போன் எடுங்கோ. சுவிசில இருந்து எடுக்கிற மாதிரி. பெடியன்ர தகப்பனோட நாலு சொல்லுக் கதைச்சால் காணும். எல்லா இடமும் அப்பிடித்தானே செய்யினம்."

அது உண்மை. அந்த வருடங்களில் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் கலியாணப் பேச்சுக்கால் நடக்கும் வீடுகளில், பலகாரத் தட்டு வைத்தவுடன் வெளிநாட்டிலிருந்து ஒரு அழைப்பு வரும். வெளியில் இருக்கும் தகப்பனோ தமையனோ சம்பந்தியோடு நாலு வார்த்தை பேசுவார்கள். தொலைபேசியே அந்த ஆளுக்குப் பதிலாகச் சபையில் இருக்கும்.

"தர்மினிக்குத் தெரியுமோ?"

"நீங்கள் சுவிசில எண்டுதான் அவளும் நம்பியிருக்கிறாள். அங்க அகதி முகாமில போன் வசதியில்லை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

இரத்தினசிங்கம் அடுப்பின் திரியைத் தணித்தார். தான் இல்லாத ஓரிடத்தில் தன் பெயரில் ஒருவன் வாழ்ந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு மதிப்பு இருக்கிறது. அவன் மகளுக்கு மாப்பிள்ளை கொண்டுவருகிறான். இந்த அறையில் மீன்குழம்பு வைத்தவனால் அது முடியவில்லை. கடைசியில் "சரி, எடுக்கிறன்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

அந்த ஐந்து கிழமையும் அவர் ஒத்திகை பார்த்தார். நிஷாந்த ஜனவரியில் மறுபடி இத்தாலிக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். குளிர், பனி, ரயில் நேரம் பற்றியெல்லாம் கேள்வி கேட்டுப் பழக்கினான். "பய வென்ன எப்பா, அய்யே" என்று முதுகில் தட்டினான், பயப்படவேண்டாம் என்று. "நான் எனது அம்மாவுக்குச் சொன்ன பொய்யோடு பார்த்தால் இது ஒரு சின்னக் குஞ்சு."

29ஆம் திகதி இரத்தினசிங்கம் ஒரு துண்டுத்தாளோடு கடைக்குப் போனார். சூரிச்சில் ஐந்து மணித்தியாலம் குறைவு. 11.45 என்று எழுதியிருந்தார். கீழே: குளிர் உண்டு, பனி இன்னும் இல்லை, வேலை உணவகத்தில், விடுமுறை கிடைக்காது.

முதலில் சரோஜினிதேவி எடுத்தார். வழக்கத்தை விட உரத்த குரலில், வெளிநாட்டு அழைப்புக்குப் பேசும் குரலில், "ஓமப்பா, எல்லாரும் வந்திருக்கினம், கேக்குதே?" என்றார். பிறகு தர்மினி. பத்து மாதத்துக்குப் பிறகு கேட்கும் குரல்.

"அப்பா, ஒழுங்காச் சாப்பிடுறியளோ?"

"சாப்பிடுறன் பிள்ளை. நானே சமைக்கிறன்."

"நீங்களோ?" அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொன்னாள். அங்கே எல்லோரும் சிரிப்பது கேட்டது. பிறகு தொலைபேசி கைமாறியது.

"வணக்கம். நான் கதிர்காமநாதன் கதைக்கிறன். உங்களைக் காணக் கிடைக்கேல்லை. சத்தத்தையாவது கேட்டிட்டம்."

"வணக்கம். பெரிய சந்தோசம்."

"பிள்ளையை எங்கட பிள்ளையா நினைச்சுத்தான் வந்தனாங்கள். நீங்கள் அங்க தனியக் கிடந்து கஷ்டப்படுற மனிசன். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." அந்தக் குரல் நல்ல மனிதரின் குரலாக இருந்தது. கெட்டிக்காரத்தனமாக எதையும் துருவவில்லை. பேச்சுக்காக, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார். "அங்க இப்ப என்ன நேரம்?"

தாள் கையில்தான் இருந்தது. இரத்தினசிங்கம் அதைப் பார்த்தார். பிறகு கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நாலு அம்பது."

"இல்லை, இஞ்சத்தை நேரமில்லை. அங்க."

"இஞ்சயும் நாலு அம்பதுதான். நான் ஹெந்தளையில நிக்கிறன்."

இரத்தினசிங்கம் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"சுவிசுக்கு நான் போய்ச் சேரேல்லை. உக்ரேனில பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். வந்து ஆறு கிழமை. வேலை இல்லை. என்ர மனிசியிலயோ பிள்ளையிலயோ பிழை பிடியாதேங்கோ. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

கதிர்காமநாதன் "சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சொன்னதுக்கு நன்றி" என்றார். பிறகு தொலைபேசி வைக்கப்பட்டது.

கடைக்காரன் உள்ளூர் அழைப்பு, ஆறு நிமிடம் என்றான்.

இரத்தினசிங்கம் அறைக்குத் திரும்பவில்லை. புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதியால் வெள்ளவத்தைக்கு இன்னொன்று, பிறகு நடை. சோதனைச்சாவடியில் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். வீட்டுக்கு என்றார்.

தர்மினி கதவைத் திறந்தாள். சேலை மாற்றவில்லை. தகப்பனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கயிறு கட்டிய இடுப்பில் பார்வை நின்றது.

"அவை பலகாரம் சாப்பிட்டு முடிச்சிட்டுத்தான் போனவை" என்றாள். "யோசிச்சுச் சொல்லினமாம்."

"பிள்ளை..."

"ஆறு கிழமை, அப்பா. பஸ்ஸில வாற தூரம்." அவள் குரல் உயரவில்லை. "அவருக்குச் சொல்ல முதல் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

பழைய இரத்தினசிங்கமாக இருந்தால் தகப்பன் என்ற அதட்டல் ஒன்று வந்திருக்கும். அது எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"ஓம்" என்றார். "உனக்குத்தான் முதல் சொல்லியிருக்கவேணும்."

அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். உள்ளே சரோஜினிதேவி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மேசையில் பதினான்கு கோப்பைகள் கிடந்தன. இரத்தினசிங்கம் அவற்றை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்க் கழுவத் தொடங்கினார். சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு தர்மினி துடைக்கும் துணியை எடுத்தாள்.

டிசம்பர் 7ஆம் திகதி தரகர் வந்தார். சாதகத்தை இன்னொருவரிடம் காட்டியதில் பொருத்தம் போதாதாம் என்றார். சரோஜினிதேவி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். கணவரோடு அவர் பேசத் தொடங்கியது தைப்பொங்கலுக்குப் பிறகு. இரத்தினசிங்கம் ஜனவரி 4ஆம் திகதி கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தார்.