பருத்தி அறைக் கதவு

அன்று மடவார் வளாகத்து வீட்டின் முன்கூடத்தில் இருந்தவர்கள்: ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற கண்ணுச்சாமி, அவர் மனைவி கருத்தம்மா, ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் கல்பனா, மருமகன் முத்துப்பாண்டி, மருமகனின் அக்கா முனீஸ்வரி. சுவரில் மாலையோடு கண்ணுச்சாமியின் அப்பா சிவனாண்டி. அவரையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அவர் படத்துக்கு முன்னால் வைக்காமல் அந்த வீட்டில் எந்தப் பேச்சும் முடிவானதில்லை.

கண்ணுச்சாமி வழக்கம்போல வாசல் நிலையை ஒட்டி நாற்காலியைப் போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். சம்பந்தி வீட்டார் பிராது கொண்டு இந்த வாசலேறியது இதுதான் முதல் தடவை. அந்த அவமானமே அவருக்குப் போதுமாக இருந்தது.

“மாமா, நான் குத்தம் சொல்ல வரல,” என்று முனீஸ்வரி ஆரம்பித்தாள். குற்றம் சொல்ல வருகிறவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். “கதவச் சாத்துனா இவளுக்கு மூச்சு முட்டும். அது பழசு, விடுங்க. இப்ப காதுல வயர மாட்டிக்கிட்டு, ‘வாளி, கொடிக்கயிறு, பல்லி, செருப்பு’ன்னு தானாச் சொல்லுதா. பல்லிகிட்ட என்ன பேச்சுங்கேன்! கூமாப்பட்டிப் பக்கம் ஒரு குறிகாரர் இருக்காராம், கூட்டிட்டுப் போவோம்னா வர மாட்டேங்கா. நம்ம வீட்டுச் சங்கதிய வேற போன்ல எவளோ ஒருத்திக்கு எழுதுதா. அதுல உங்கய்யாவும் வாராராம்.”

கண்ணுச்சாமி மகளைப் பார்த்தார். பிள்ளைகள் மேல் கை வைக்காமலே வளர்த்த மனிதர் சிவனாண்டி. எத்தனையோ சபைகளில் கண்ணுச்சாமி நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன பேச்சு அது.

“தாத்தா பேர எதுக்குட்டி இழுத்த?”

கல்பனா தரையைப் பார்த்தபடி பேசினாள். “ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒருநா பாதியில நின்னுபோச்சுப்பா. செத்தே போயிட்டேன்னு நெனச்சேன். வெளிய வந்து, எனக்கு ஏன் இப்பிடி ஆகுதுன்னு போன்ல தமிழ்லயே அடிச்சேன். மொதல்ல தாயத்து, மைன்னு வந்துச்சு. கீழ தள்ளிக்கிட்டே போனா இந்தம்மா பேசுன வீடியோ. மனசு வைத்தியம் படிச்ச டாக்டரு. பயம் வந்தா சுத்தி இருக்கிறத ஒவ்வொண்ணாப் பேரு சொல்லுங்கன்னாங்க. சொன்னா அடங்குதுப்பா.”

“போடு அத. எல்லாரும் கேக்கட்டும்,” என்றார் கண்ணுச்சாமி. அந்தப் பொம்பளையின் வண்டவாளத்தை இந்தக் கூடத்திலேயே தண்டவாளத்தில் ஏற்றிவிட்டுப் போனைப் பிடுங்கி வைப்பதென்று முடிவு செய்திருந்தார்.

நிதானமான குரல் ஒன்று பேசியது. “சின்ன வயசுல உங்கள இருட்டு ரூம்ல போட்டு அடைச்சிருக்கலாம். அடிக்கலையே, அது ஒரு கொடுமையான்னு நீங்களே கேட்டுக்குவீங்க. ஆனா இன்னைக்கும் எங்க போனாலும் வாசல் பக்கமா இடம் தேடுவீங்க. அது பைத்தியம் இல்ல. உங்களக் காப்பாத்திக்க உங்க உடம்பு அப்பவே கத்துக்கிட்டது.”

கருத்தம்மா மெல்லத் திரும்பிக் கணவரின் நாற்காலியைப் பார்த்தாள்.

கூடாரத்தில் படுதா ஓரம், ரயிலில் கதவடி, கல்யாண வீட்டில் கடைசி வரிசை. சுபேதார் எங்கே போனாலும் காவல்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் அதை அப்படியே நம்பியிருந்தார். இப்போது மூக்கில் பருத்திக் கொட்டை வாடை ஏறியது. பின்கட்டில் மூட்டைகள் அடுக்கிய அந்த அறை, வெளியே நாதாங்கி விழும் சத்தம், கதவின் அடியில் நூலாக ஒரு வெளிச்சம். அவர் பட்டாளத்துக்குப் போன பிறகு அதே நூலைத்தான் மகளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கருத்தம்மாவிடம்கூடச் சொல்லாததை முகம் தெரியாத ஒருத்தி எப்படிக் கண்டாள்? கோயில் நடை திறக்கும்போது வரும் சிலிர்ப்பு போல இருந்தது.

“இந்தம்மா நம்மூருக்காரவுகளா? நம்மளப் பத்தி யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலப்பா. கீழ எழுதியிருக்காக பாருங்க. அம்புட்டுப் பேரும் நம்மள மாதிரிதான்.”

அவர் போனை வாங்கி, கண்ணாடியைத் தேடாமல், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளினார். மாவு மில், குளியலறை, கோழிக்கூடு என்று ஒவ்வொருவரும் தாங்கள் கிடந்த இடத்தை எழுதியிருந்தார்கள். அது தீரவே இல்லை; மலையடிவாரத்தில் நின்று உச்சியைத் தேடுகிறவர்போல அவர் தள்ளிக்கொண்டே இருந்தார்.

“அப்ப குறிகாரர்?” என்றாள் முனீஸ்வரி.

“குறிகாரன் என்னத்தம்மா கண்டுபிடிக்கப் போறான்? நானே சொல்லுதேன்.” படத்தைப் பார்த்தபடி எழுந்து நின்றார். மேலதிகாரி முன் நிற்கிற நிற்புதான். “எங்கய்யா பருத்தி ரூம்ல போட்டுப் பூட்டுவாரு. இவள. இவளுக்கு முந்தி என்னைய.”

கல்பனா தலைநிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். “மாப்ள, அந்த ரூம் கதவக் கழத்தணும். திருப்புளி எங்க கெடக்குன்னு அத்தைகிட்டக் கேளுங்க,” என்றார் கண்ணுச்சாமி.

“கீல் துருவேறிக் கெடக்கும் மாமா. ஆசாரியக் கூப்பிடுவமா?” என்றான் முத்துப்பாண்டி.

“வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்.”

வாஸ்து சரியில்லை என்று ஜோசியர் சொல்லிச் சுபேதார் வீட்டில் கதவைக் கழற்றிவிட்டார்கள் என்று மடவார் வளாகத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. ஜோசியர் எவரும் வரவில்லை. கழற்றியவர் கண்ணுச்சாமி, மறுமுனையைப் பிடித்துத் தூக்கியவள் கல்பனா. கதவு மொட்டைமாடி வெயிலில் மல்லாந்து கிடக்கிறது. அதன்மேல் கருத்தம்மா புளி காயவைத்திருக்கிறாள்.