பதினாறு சாண் சிவப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். திருச்சபை வரலாற்றின்மேல் எனக்கு மோகம் எதுவும் கிடையாது. அப்பாவும் அக்காவும் மோதிக்கொண்ட ஒரு பிற்பகலில், சுவரில் நேர்கோடு அடிக்கும் சுண்ணாம்பு நூலின் ஒரு முனையைப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் நின்றேன். அந்தக் குற்ற உணர்வுதான் எழுதுகிறது.

முதல் தொடக்கம்: "ஆதியில் ஒரே சபைதான் இருந்தது. பிறகு அதிலிருந்து..."

(நிறுத்திவிட்டேன். ஆதியில் என்ன இருந்தது என்பதுதானே சண்டையே. முதல் வரியிலேயே ஒரு கட்சியில் சேர்ந்தாயிற்று.)

இரண்டாவது: "நான்கு வருடம் முன்பு அக்கா தண்ணீரில் இறங்கினாள்."

(அக்கா ஒப்புக்கொள்வாள். அப்பாவைக் கேட்டால், கதை அவள் பிறந்த எட்டாம் நாள் தொடங்கியது என்பார்.)

சரி, சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

2

சுவர் ஒரு பாப்டிஸ்ட் சபைக் கூடத்தில் இருக்கிறது. அக்காவின் கணவர், அதாவது அத்தான், அங்கே போதகர். அப்பா கத்தோலிக்கர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். அக்கா அத்தானின் சபையில் மறுபடி ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து* அப்பா அந்தக் கூடத்தின் பக்கமே போனதில்லை. "சுவர்ல சபை வரலாறு வரையணும்ப்பா. உங்க கை மாதிரி யாருக்கும் வராது" என்று அக்காதான் ஐஸ் வைத்துக் கூப்பிட்டாள். பாதியில் கிளம்பினால் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நூற்றாண்டுக்கு ஒரு சாண். மொத்தம் இருபது சாண். கத்தோலிக்கருக்குக் கறுப்பு. அதை அப்பா இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை நிறுத்தாமல் இழுத்தார். பிறகு பாப்டிஸ்டுகளுக்குச் சிவப்பு. கடைசி நான்கு சாணை மட்டும் போட்டுவிட்டுத் தூரிகையைத் துடைத்தார்.

"மாமா, இன்னும் பதினாறு சாண் இருக்கே. சிவப்பும் முதல் நூற்றாண்டுல இருந்துதான் வரணும்."

"நானூறு வருஷத்துக்கு முன்னாடி உங்க சபைக்கு ஆள் ஏது மாப்பிள்ளை? எங்க ஆபீஸ்ல அளந்த எல்லைக்கு முழுக்கோடு. யாரோ சொன்ன எல்லைக்குப் புள்ளிக்கோடு. வேணும்னா புள்ளி வெச்சுத் தர்றேன்."

"புள்ளி வெச்சா சந்தேகம்னு அர்த்தமாயிடுமே."

"சந்தேகம்தானே."

* மறுபடி என்பது அப்பாவின் சொல். பாப்டிஸ்டுகளுக்கு, ஒருவர் தானே நம்பி வந்து தண்ணீரில் முழுகினால்தான் ஞானஸ்நானம். குழந்தைத் தலையில் ஊற்றிய தண்ணீர் வெறும் தண்ணீர்.

3

இங்கே நிறுத்திப் படித்துப் பார்த்தேன். நல்ல பதிலெல்லாம் அப்பாவுக்கே போயிருக்கிறது. நானும் கத்தோலிக்கன், கறுப்புக் கோட்டின் பக்கம்தான், பேனாவும் என் கையில். போன பிரதியில் அத்தானின் பேச்சை வெட்டியிருந்தேன். திருப்பிச் சேர்க்கிறேன்:

"எழுதி வெச்சவங்க யாரு மாமா? ஜெயிச்சவங்க. ஒத்துக்காத மத்தவங்களையும் எரிச்சாங்க, அவங்க எழுதினதையும் எரிச்சாங்க. பேர் இல்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா?"

அப்பா தூரிகையைக் கீழே வைத்தார்.

"எரிச்சது பாவம்தான். ஆனா எரிஞ்சவங்கல்லாம் உங்க ஆளுங்கன்னு எப்படிச் சொல்றீங்க? ஆண்டவர் தன் சீடர் பேதுரு கையில பரலோகச் சாவி கொடுத்தார். பேதுரு தனக்கு அடுத்து வந்தவர் தலையில கை வெச்சார். அப்படியே கை மாறி வந்திருக்கு."

"சபை கை மாறி வர்றதில்ல மாமா. நம்புறவங்க கூடுற இடத்துல பிறக்குது."

"அப்புறம் கோடு எதுக்கு?"

(மறுபடியும் அப்பாவே ஜெயித்துவிட்டார். நான் என்ன செய்ய, அப்படித்தான் நடந்தது. அத்தானின் சபைக்காரர்களிலேயே பலர் நானூறு வருடம் என்றுதான் சொல்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் முகம் அப்படிச் சிவந்தது.)

4

அக்கா அதுவரை டர்பன்டைன் டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"கோடு கிடக்கட்டும்ப்பா. உங்க கோபம் நான் தண்ணில இறங்கினது மேல."

"எட்டாம் நாள் உன்னைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனேன். உன் அம்மாவால எழுந்திருக்க முடியல. கொட்டுற மழையில சட்டைக்குள்ள வெச்சுட்டு நடந்தேன். அன்னிக்கு ஒண்ணுமே நடக்கலன்னு ஊரறியச் சொல்லிட்டியேம்மா."

"எனக்கு அது ஞாபகம் இல்லப்பா. தண்ணில இறங்கினது ஞாபகம் இருக்கு."

"உனக்கு ஞாபகம் இல்லாததெல்லாம் நடக்கலன்னா, நான் உன்னை வளர்த்ததுல பாதி நடக்கல."

(அப்பா அழுதார் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் குரல் உடைந்தது. அழுதது நான்.)

அப்போது அத்தான் மெதுவாகச் சொன்னார்: "அதைத்தானே மாமா நானும் சொல்றேன். யார் ஞாபகத்துலயும் இல்லாதவங்களும் இருந்திருப்பாங்க."

அப்பா அவர் பக்கம் திரும்பினார். துடைத்த தூரிகையை மறுபடி சிவப்பில் தோய்த்தார்.

"சரி. பதினாறு சாணும் முழுக்கோடாவே இழுக்கறேன். எட்டாம் நாள் நடந்ததும் ஞானஸ்நானம்தான்னு இவ ஒரு வார்த்தை சொல்லட்டும்."

5

முடிவு ஒன்று: அக்கா "ஆமா" என்கிறாள். அப்பா கோட்டை இழுக்கிறார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அளக்காத எல்லைக்கு அவர் போட்ட முதல் முழுக்கோடு அது. தன் மனைவியே அப்படிச் சொன்ன பிறகு அத்தான் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு பிரசங்கம் செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு இரண்டு: "இல்லப்பா" என்கிறாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு

(இதை முடிக்க மனம் வரவில்லை.)

முடிவு மூன்று: "புள்ளியே வைங்க மாமா" என்று அத்தான் விட்டுக்கொடுக்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான். அக்காவிடம் படித்துக் காட்டினேன். "கேட்டது என்கிட்ட. அவர் யாரு பதில் சொல்ல?" என்று எரிந்து விழுந்தாள். எடுத்துவிட்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கூடவே நின்றவன் நான். ஆனால் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "படிக்கிறவங்க முதல்ல என் இடத்துல நின்னு பார்க்கட்டும். அப்புறம் தீர்ப்பு சொல்லட்டும்."

ஆகவே நில்லுங்கள். இந்தப் பக்கம் உங்களைச் சட்டைக்குள் வைத்து நடந்தவர். அந்தப் பக்கம் உங்களைத் தண்ணீரில் இறக்கித் தூக்கியவர். இருவருமே உங்களைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கிறார்கள். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுகிறது.

"சொல்லும்மா" என்கிறார் அப்பா.