வெள்ளைச் செவ்வந்தி மாலை

கோசலையை ஏமாற்ற ஒருவனாலும் முடியாது என்றுதான் பிரான்சின் லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் எல்லோரும் சொல்வார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க மாட்டாள். பழைய கத்தரிக்காயைப் புதியது என்று தள்ளிவிடப் பார்க்கும் மொத்த வியாபாரி அவள் கண்ணைப் பார்த்ததும் பெட்டியைத் தானே திருப்பி எடுத்துக்கொண்டு போவான். அப்பேர்ப்பட்டவளின் தலையில் மிளகாய் அரைத்தவன் அந்நியன் இல்லை. கூடப் பிறந்த தம்பி ஐங்கரன்தான் அரைத்தான்.

ஃபொபூர் சேன்-தெனி வீதியின் வடக்கு முனையில் இருக்கிற மளிகைக் கடை ஐங்கரனின் பெயரில் இருந்தது. உழைப்பு மட்டும் கோசலையுடையது. காலையில் கதவு திறப்பதும் அவள், மாலையில் தரை கழுவுவதும் அவள். ஆனால் அவள் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நம்முடைய மிளகாய்த்தூள் உறைக்கிறது, வாயை ஊதிக்கொண்டு தண்ணீர் தேடுகிறார்கள். ஹங்கேரியில் பப்ரிக்கா என்று ஒரு மிளகாய்த்தூள் இருக்கிறது, நல்ல சிவப்பு, உறைப்பில்லை. நம்முடைய சரக்கை வறுத்துத் திரித்து அதோடு கலந்தால் கறிக்கு நிறமும் வரும், பிள்ளையும் சாப்பிடும். தன் கையாலே திரித்துப் பார்த்தாள். வாங்கிப்போன சனம் திரும்பி வந்து கேட்டது. லா கூர்னெவ் புறநகரில் சின்னதாக ஓரிடம் பார்த்து, தன் பெயரில் ஒரு மில் போட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கு அந்தச் சரக்குக்குப் பிரான்சில் ஒரே முகவராக அவள் ஆக வேண்டும்.

ஹங்கேரியின் செகெட் நகரப் பக்கத்தில் குடும்பமாக மிளகாய் பயிரிட்டுத் தூளாக்குகிற அம்மையார் ஒருவரை ஓர் உணவுக் கண்காட்சியில் பிடித்தவளும் கோசலைதான். செக்கெரெஷ் மார்தா என்று பெயர். கடிதத்தில் எதையும் முடிக்க மாட்டேன், நேரில் வருகிறேன், சேர்ந்து சாப்பிடுவோம், பிறகு பேசுவோம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வழக்கம் அப்படி. ஆளைப் பார்த்துத்தான் வியாபாரம்.

அந்தச் சமயம் ஒரு வணிகச் சங்கம் ஹங்கேரிக்காரரோடு எப்படிப் பழக வேண்டும் என்று ஒரு வகுப்பு வைத்தது. கோசலைக்குப் போகத்தான் ஆசை. ஆனால் சனிக்கிழமை கடையை யார் பார்ப்பது?

"நான் போறன் அக்கா. எனக்குப் பிரெஞ்சு ஓடும். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு வந்து ஒண்டு விடாமல் சொல்லுறன்" என்றான் ஐங்கரன்.

போனான், வந்தான், சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். "குடும்பப் பேர்தான் முதல் வரும் அக்கா. செக்கெரெஷ் எண்டுறது வீட்டுப் பேர், மார்தா எண்டுறது அவவின்ரை பேர். அவவாய்ச் சொல்லுமட்டும் மார்தா எண்டு கூப்பிடக் கூடாது. நேரத்துக்கு நிக்கோணும். கண்ணைப் பாத்துக் கதைக்கோணும். பியர் கிளாசை முட்டக் கூடாது, அது ஏதோ பழைய போரிலை தோத்த ரோசமாம். கிளாஸ் வெறுமையாய் இருந்தால் திரும்ப ஊத்துவினம், போதுமெண்டால் கொஞ்சம் மிச்சம் விடோணும்."

"அப்ப மாலை போடலாமோடா? முதன்முதல் எங்கடை வாசலுக்கு வாற மனிசி."

"போடுங்கோ அக்கா! பூவெண்டால் அவை உயிரை விடுற சனம். வெள்ளைச் செவ்வந்தி எண்டால் இன்னும் விசேசம்."

அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நவம்பரில் பிரெஞ்சுக்காரர் சட்டி சட்டியாகச் செவ்வந்தி வாங்கிக் கல்லறைக்குக் கொண்டு போவதை அவளும் பார்த்தவள்தான். சட்டிப் பூ வேறு, மாலை வேறு என்று இருந்துவிட்டாள். அதோடு, சொன்னவன் யார்? தன் தம்பி. தம்பி சொன்னதையும் செவுளைத் தூக்கியா பார்ப்பார்கள்?

அந்த அம்மையார் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். சாம்பல் கோட்டு, ஒட்ட வெட்டிய முடி, நிதானமான பிரெஞ்சு. கோசலை பட்டுச் சேலையோடு வாசலில் நின்று, தானே ரத்தினம் அக்காவின் பூக்கடையில் கட்டுவித்த மாலையை இரண்டு கையாலும் அவர் கழுத்தில் போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

அம்மையாரின் முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. மாலையை மெல்லக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி மூட்டையின் மேல் வைத்தார். "எங்களிடம் இந்தப் பூ இறந்தவர்களுக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஐயோ, கோசலைக்குக் காலுக்குக் கீழே நிலம் இல்லாமல் போனது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். அப்போது ஐங்கரன் குளிர்ப்பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்தான். கையில் அழகாகச் சுற்றிய பூங்கொத்து. இளஞ்சிவப்புப் பூக்கள், அவர்கள் விரும்புகிற மாதிரி ஒற்றைப்படையில்.

"மன்னியுங்கள், செக்கெரெஷ் அம்மையார். அக்காவுக்கு எங்கள் வழக்கம் மட்டும்தான் தெரியும்" என்று குனிந்து கொடுத்தான்.

பாவி! காலையிலேயே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறான். கோசலை அந்தப் பூங்கொத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கிய பிறகும், வேறு யாரோ செய்த வேலையாக இருக்கக்கூடாதா என்று மனம் ஒரு நிமிடம் கெஞ்சியது.

எதிரில் இருந்த உணவகத்தில் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். பியர் வந்தது. கோசலை கிளாசை முட்டாமல் உயர்த்தினாள், கண்ணைப் பார்த்தாள், எல்லாம் சரியாகச் செய்தாள். அம்மையாரின் முகம் கொஞ்சம் இளகியது. நண்டுக் கறியைக் கையால் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுச் சாப்பிட்டார். பிறகு கையைத் துணியால் துடைத்துக்கொண்டு, நேராகக் கோசலையிடம் கேட்டார்.

"உங்கள் தம்பி எங்கள் வழக்கங்களைப் படிக்கும் வகுப்புக்குப் போனதாகச் சொன்னார். பூவைப்பற்றி அங்கே கட்டாயம் சொல்லியிருப்பார்கள். அவர் உங்களுக்குச் சொல்லவில்லையா?"

ஐங்கரன் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

ஒரு வார்த்தை போதும். இவன்தான் வெள்ளைச் செவ்வந்தி போடச் சொன்னான் என்று ஒரே ஒரு வார்த்தை. கோசலையின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் முன்னால் இருப்பது வெளியாள். சொந்தத் தம்பி கழுத்தறுத்தான் என்று ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால் சொல்லி, குடும்ப மானத்தைச் சாப்பாட்டு மேசையில் பரப்புவதா? எங்கள் சனத்துக்கு நாக்கு அங்கேதான் கட்டிப்போகும். அவளுக்கும் கட்டிப்போனது.

"சொன்னார், மடாம். நான்தான் மறந்துபோனேன்."

அம்மையார் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார். "நான் நேராகப் பேசுகிறவள், மனம் நோகாதீர்கள். பூ ஒரு பெரிய விடயமில்லை. தெரியாமல் செய்தேன், யாரும் சொல்லவில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். உங்களை எனக்குப் பிடித்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் சொல்லியும் மறந்தேன் என்கிறீர்கள். எங்கள் தூள் ஈரம் பட்டால் போச்சு, வெயில் பட்டால் போச்சு. சொன்னதை மறக்கிறவர் கையில் அதைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை." அவர் ஐங்கரன் பக்கம் திரும்பினார். "உங்களோடு பேசலாமா?"

"அக்கா சம்மதித்தால்" என்றான் அவன். என்ன பணிவு! பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

கோசலை தலையாட்டினாள். அவர்கள் இருவரும் பேசினார்கள், கை குலுக்கினார்கள். எழும்பும்போது அம்மையார் அவனிடம் தன்னை மார்தா என்று கூப்பிடலாம் என்றார்.

அவரை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு ஐங்கரன் கடைக்கு வந்தபோது கோசலை பட்டுச் சேலையோடே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்ரா செய்தனி?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை.

அவன் மறுக்கக்கூட இல்லை. "நீங்கள் லா கூர்னெவுக்குப் போயிட்டால் இந்தக் கடையை ஆர் அக்கா பாக்கிறது? நான் தனிய என்ன செய்யிறது? இப்ப ஒண்டும் கெட்டுப்போகேல்லை. மில்லைப் போடுவம், நீங்களே நிண்டு தூளைத் திரியுங்கோ. பேர் மட்டும்தானே என்ரை பேர்."

"அவ கேட்டவ. நான் உள்ளதைச் சொல்லியிருந்தால்?"

ஐங்கரன் சிரித்தான். அன்பாகத்தான் சிரித்தான், அதுதான் கொடுமை. "நீங்கள் சொல்ல மாட்டீங்கள் அக்கா. என்னை ஒரு நாளும் காட்டிக் குடுக்க மாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும்தானே."

கோசலைக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. இவன் பூவை நம்பி இந்த வேலையில் இறங்கவில்லை. அவளை நம்பித்தான் இறங்கியிருக்கிறான். அவள் அவன் மேல் வைத்திருந்த பாசத்தை வைத்தே அவள் வாயைக் கட்டி, அவள் பிழைப்பைத் தட்டிப் பறித்திருக்கிறான். ஒரு அந்நியன் செய்திருந்தால் அவள் அந்த மேசையிலேயே கிழித்து நாறடித்திருப்பாள்.

நிறுத்த பருப்பைப் பையில் கொட்டி முடிச்சுப் போட்டாள். கடைச் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எங்கை போறியள்? கடையிலை சனம் நிக்குது அக்கா!"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அவன் வாசல் வரை வந்து அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். வீதியில் போன இரண்டு பெண்கள் தங்களைத்தானோ என்று திரும்பிப் பார்த்தார்கள். கோசலை திரும்பவில்லை.