தொழில் என்ற கட்டம்

மஞ்சள் சீட்டு ஒன்று மேசைகளுக்கு நடுவே கைமாறிப் போய்க்கொண்டிருக்கிறது, நூலகர் மெஹருன்னிசா எழுதிக் கொடுத்த சீட்டு, இன்று அது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்ணுக்கு, அவள் படித்துவிட்டு உள்ளறைக்குப் போகிறாள், கால் மணி நேரத்தில் அச்செடுத்த தாளோடு முகம் தெளிந்து வெளியே வருகிறாள், அப்படி அதில் என்னதான் எழுதியிருக்கும் என்று வெள்ளியங்கிரிக்கு மண்டை குடைகிறது, ஆறு மாதமாகத் திருப்பூரின் இந்தக் கிளை நூலகத்துக்கு நாள் தவறாமல் வருகிறான், அவனுக்கு மட்டும் ஒரு சீட்டும் வந்ததில்லை, புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கான ஓலையோ, அப்படியென்றால் வாங்குகிறவர்கள் ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறார்கள்.

செய்தித்தாளை விரித்தால் கை தானாக அதை நீவிவிடுகிறது, பனியன் கம்பெனியில் துணியை அடுக்கடுக்காகப் பரப்பி, கோணாமல் நீவி, வெட்டும் மெஷினை ஓட்டிய பதினெட்டு வருஷமும் அந்தக் கைக்குள்தான் இருக்கின்றன, கம்பெனியை மூடிய அன்று முதலாளி யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினார், ஏறுகிறார், கார்க்கதவு சாத்திக்கொள்கிறது, அதே கதவு நூலகக் கதவாகத் திறக்கிறது, வாசலில் வருகைப் பதிவேடு, பெயர், ஊர், தொழில், கையெழுத்து. தொழில் என்ற கட்டத்தில் முதல் நாளே கட்டிங் மாஸ்டர் என்று எழுதிவிட்டான், பொய் என்றே தோன்றவில்லை, மறுநாளும் அதுவே வந்தது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் வேலை விளம்பரப் பக்கத்தைத் திறக்கவே மாட்டான், அரசியலைப் படிக்கிற மாதிரி பாவனை. வீட்டில் மனைவி தெய்வானை பீஸுக்கு இவ்வளவு என்று தைத்துக் குடும்பத்தை இழுக்கிறாள், ஏதாச்சும் கெடைச்சுதுங்களா என்று முன்பெல்லாம் கேட்பாள், இப்போது கேட்பதில்லை, அதுதான் அவனுக்கு வலித்தது.

ஒரு மதியம் யாரோ மேசையில் விட்டுப்போன சீட்டு கையில் கிடைக்கிறது, கட்டிங் மாஸ்டர் தேவை, நேரில் வரவும், கடைசி நாள் நேற்று. நேரே நூலகரிடம் போனான், ஏனுங்க மேடம், இந்தச் சீட்டெல்லாம் ஆருக்குங்க. வேலை தேடறவங்களுக்குங்கண்ணா, காலைல நோட்டுல வேலை தேடறவர்னு எழுதறவங்களுக்கு ஏத்த விளம்பரத்தைப் பார்த்து எழுதித் தருவேன், உள்ள கம்ப்யூட்டர்ல விண்ணப்பமும் போட்டுக் குடுத்துருவோம். எனக்கு ஒண்ணும் தரலைங்களே. அவள் விழித்தாள், நீங்கதான் தெனமும் கட்டிங் மாஸ்டர்னு எழுதறீங்களேண்ணா, நைட் ஷிப்ட் முடிச்சுட்டுப் பேப்பர் பார்க்க வர்றீங்கன்னு நெனைச்சுட்டேன்.

வேலையில்லாத ஆறு மாதமும் நூலகக் கணக்கில் அவன் இரவெல்லாம் வேலை செய்திருக்கிறான், சிரிப்பும் வந்தது, தன்மேல் ஆத்திரமும் வந்தது.

மறுநாள் பேனா அந்தக் கட்டத்தின் மேல் நிற்கிறது, கை பழக்கத்தில் க என்று போட்டுவிட்டது, பின்னால் இருந்தவர் எழுதிட்டீங்களாங்க என்கிறார், வெள்ளியங்கிரி அதை அடித்துவிட்டு வேலை தேடுபவர் என்று எழுதினான், எல்லோரும் அதைப் படித்துவிட்டதாகவே காது சுட்டது, போய் மூலையில் உட்கார்ந்தான். வெள்ளியங்கிரி அண்ணா, வாங்க, என்று மஞ்சள் சீட்டோடு நூலகர் கூப்பிட்டபோது கூடத்தில் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன, ஆறு மாதமாக அவன் பயந்தது இதற்குத்தான், எழுந்து அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தான், அவனைக் கவனித்தவர் ஒருவரும் இல்லை, தங்கள் பெயரையும் கூப்பிடுவாளா என்று எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.