பட்டது, படல்ல

கைறுன்னிஸா அபாயாவை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலாவது கோட்டைத் தாண்டினாள். பின்னாலிருந்து ஓட்டமாவடிப் பெண்கள் கூக்குரல் போட்டார்கள்.

காலையிலிருந்து சமாதான நிலையத்து மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டு அவர்களை இருத்தி, பெரிய தாள்களில் 'நம்பிக்கை', 'புரிந்துணர்வு' என்று எழுத வைத்திருந்தார்கள். வட்டத்திலும்கூட ஓட்டமாவடியிலிருந்து வந்த முஸ்லிம் பெண்கள் ஒரு பாதி, கிரானிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் மறுபாதி. மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரத்தில்தான் நிலையத்துப் பிள்ளை ஆர்த்திகா வந்து, "எல்லாரும் முற்றத்துக்கு வாங்க, கிளித்தட்டு விளையாடப் போறம்" என்றாள். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிற உடம்போடு கிளித்தட்டா என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழும்பியும் விட்டார்கள்.

கோடு காக்கிறவளின் கை படாமல் ஒவ்வொரு கோடாகக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். கால்களுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது கைறுன்னிஸாவுக்கே அதிசயம். இரண்டாவது கோட்டையும் கடந்தாள். மூன்றாவதில் கிரான்காரி ஒருத்தி நின்றாள். மெலிந்து நரைத்த பெண். காலையில் வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தவள். இப்போது இடது காலை முன்னே வைத்து, கைகளை அகல விரித்து, நாக்கை வாயோரத்தில் கடித்தபடி நின்றாள்.

அப்படி நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு காக்கிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

வாப்பா கிரானில் கடை வைத்திருந்த காலம் அது. பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையைக் கடைக்குள் எறிந்துவிட்டு இராசாத்தி வீட்டு வளவுக்கு ஓடுவாள். வெட்டு முடிந்த வயல் வட்டையிலிருந்து வைக்கோல் வாசம் வரும். பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு, மஃரிபு தொழுகைக்கு உம்மா கூப்பிடும்வரை விளையாட்டு. கடைசியாக விளையாடிய அன்று இராசாத்தி "பட்டுட்டு" என்றாள். இவள் "படல்ல" என்றாள். அல்லாஹ்மேல் சத்தியமும் பண்ணினாள். பட்டது அவளுக்குத் தெரியும். கோபம் போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். அடுத்த நாள் விடிய வாப்பா எல்லாரையும் உழவு மெசின் பெட்டியில் ஏற்றினார். அந்த வருசக் கலவரத்தில் இரண்டு பக்கமும் சனம் செத்தது. கிரான் பக்கம் அவள் பிறகு போகவேயில்லை.

"ஓடுங்க ராத்தா!" என்று யாரோ கத்தினார்கள். ஓடினாள். விரல் நுனி ஒன்று அவளுடைய அபாயாக் கையை உரசிப் போனது. விசில் ஊதவில்லை. ஆர்த்திகா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைறுன்னிஸா நின்றாள்.

"பட்டுட்டு" என்றாள். பிறகு மெதுவாக, "அண்டைக்கும் பட்டதுதான், இராசாத்தி."

அந்தப் பெண் விரித்த கைகளை இறக்காமலே அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கடைக்காரர்ர மகளா? கைறுன்னிஸா... நீயாகா?"

இருவரும் ஆட்டத்தை விட்டு விலகி நிலையத்துக்குப் பின்னாலிருந்த வாவிக்கரைப் படியில் போய் இருந்தார்கள். செருப்பில்லாத கால்களைத் தண்ணீருக்குள் விட்டார்கள். கைறுன்னிஸா சத்தியம் பண்ணிய கதையைச் சொல்லி முடித்தாள். முப்பத்தைந்து வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது.

"எனக்கு அது ஞாபகமில்லகா" என்றாள் இராசாத்தி. "நான் அடுத்த நாள் உங்கட வீட்ட வந்தன். கதவு திறந்து கிடந்திச்சு. அடுப்பில சோறு. கோழியெல்லாம் வளவுக்க கத்திக்கிட்டுத் திரிஞ்சிச்சு. பதினொரு கோழி. எங்கட வீட்ட கொண்டு போய்த்தான் தீன் போட்டன்." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "மறுகா, கொஞ்ச நாளையில, எங்களுக்கும் சோறில்ல. ஒவ்வொண்டாத் திண்டுட்டம். அத உன்னட்டச் சொல்லோணும் எண்டு நான் நினைக்காத நாளில்ல."

கைறுன்னிஸா அவள் பக்கம் திரும்பினாள்.

"செவலக் கோழியுமா?"

"அத மட்டும் வச்சிருந்தன். நீ வருவாய் எண்டு. மாரியும் வந்திச்சு, நீ வரல்ல." தண்ணீரைப் பார்த்தபடி, "எங்கட அப்பாவும் வரல்ல" என்றாள்.

கைறுன்னிஸா அவளுடைய கையைப் பிடித்தாள். எங்கே, எப்போது என்று கேட்கவில்லை.

"அது பொல்லாத கோழி" என்றாள் கடைசியில். "கொத்துமே."

"கொத்தாம விட்டதா? இஞ்ச பார்." இராசாத்தி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அங்கே அரிசியளவு தழும்பு. கைறுன்னிஸா குனிந்து அதைப் பார்த்தாள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முற்றத்தில் இரண்டாவது ஆட்டத்துக்கு விசில் ஊதியது. ஆர்த்திகா இரண்டு பேருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் எழும்பவில்லை. கலங்கிய தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது. அடியில் நான்கு பாதங்கள் தெரிந்தன. மீன்குஞ்சுகள் கூட்டமாக வந்து, பயந்து விலகி, மறுபடியும் கிட்ட வந்தன.