ஏழாம் துறைமுகத்தின் பதினோராம் இதழ்

'ஏழாம் துறைமுகம்' சித்திரக்கதையின் பதினோராம் இதழ் முத்தாபுதுப்பேட்டையில் பெனிஷாவின் வீட்டுக்குக் கூரியரில் வந்தபோது, அவளுடைய அப்பா பாஸ்கல் குளித்துக்கொண்டிருந்தார். இதற்கு முந்தைய எல்லா இதழ்களையும் வரைந்தவள் பெனிஷா. இதை மட்டும் அவள் வரையவில்லை. அம்மா ஞானகுமாரி இறந்த பிறகு அவளால் பென்சிலைத் தொட முடியவில்லை. கதை எழுதும் ஆன்சன்தான், "நீ ரெஸ்ட் எடு பெனி. இந்த ஒண்ண மட்டும் வேற ஆள வெச்சி முடிச்சிக்கிறேன்" என்றான். யாரும் கேட்காமலே அப்படிச் சொன்னானே என்று அவளுக்கு அப்போது நெஞ்சு நிறைந்துபோனது.

கல்லூரி நாளிலிருந்து இருவரும் சேர்ந்து நடத்தும் தொடர் அது. கடல் பொங்கி ஊரை இழந்த மீனவக் குடும்பங்கள் ஒரு பழைய விண்கலத்தில் குடியேறி வாழும் கதை. அந்தக் கலத்தை ஓட்டும் தாரணியைப் போலவே முடி வெட்டிக்கொண்டு புத்தகக் கண்காட்சிக்கு வரும் பெண்கள்கூட உண்டு. ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாஸ்கலுக்கு விண்வெளி என்றால் ஒன்றும் தெரியாது. மகள் போட்ட படம் என்பதற்காக ஒரு வரி விடாமல் படிப்பார். "இந்தப் பொண்ணு எப்பப் பாத்தாலும் ஹெல்மெட்டோடவே கீதே, தல அரிக்காதா?" என்பார்.

பெனிஷா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்தாள். புது ஆளின் கோடு நன்றாகத்தான் இருந்தது. நடுப்பக்கத்துக்கு வந்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

தாரணியின் அம்மா மூச்சுக் கருவியோடு படுத்திருக்கிறாள். இனிப் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தாரணியின் அப்பா, எப்படியும் பிழைத்துவிடுவாள் என்று மேல்தளத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகிறார். அவர் போன நேரம் பார்த்து, "எடுத்துடுங்க டாக்டர்" என்கிறாள் தாரணி. அம்மா ஒருமுறை கண்ணைத் திறந்து, மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடங்கிப்போகிறாள். அப்பா திரும்பி வந்ததும் தாரணி சொல்கிறாள்: "இப்பதாம்பா போனாங்க. அவங்களாவே போயிட்டாங்க."

அது பெனிஷாவின் வாய் வார்த்தை. அம்மா கண் திறந்ததைத் தவிர மற்றதெல்லாம் பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நடந்தது. அந்த நேரத்தில் பாஸ்கல் மாதா கோயிலுக்குப் போயிருந்தார். நடந்ததை அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். அடக்கம் முடிந்த மறுநாள், ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில், ரயில்கள் வந்து போய்க்கொண்டிருக்க, ஆன்சன் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். "என்னத் தாண்டிப் போவாது பெனி" என்றான்.

புத்தகங்களை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நூம்பலில் இருக்கும் ஆன்சன் வீட்டுக்குப் போனாள். மாடி அறையில் அவன் மடிக்கணினி முன்னால் இருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"வந்துச்சா? நடுப்பக்கம் பாத்தியா? முன்னாடியே சில பேருக்கு அனுப்பியிருந்தேன். அழுதுகினே போன் பண்றாங்க."

"அது எங்கம்மாடா."

"பேரு வேற, எடம் வேற. யாருக்குத் தெரியப் போவுது?"

"எங்கப்பாவுக்கு."

"கதைதானேன்னு போயிடுவாரு. உன்னக் கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்ப பெனி."

"ஆமா, சொல்லியிருப்பேன். எப்ப எழுதுன இத?"

அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பினான். "அன்னிக்கேதான். ஊட்டுக்கு வந்ததும். மறந்துடப் போவுதேன்னு."

அந்தப் பெஞ்சில் அவன் பேசாமல் உட்கார்ந்திருந்ததைத் தன் துக்கத்தில் பங்கெடுப்பதாக அவள் நினைத்திருந்தாள். அவனோ வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

"ரெஸ்ட் எடுன்னு சொன்னது இதுக்குத்தானா?"

அவன் மடிக்கணினியை மூடினான். "அடுத்தது நீதான் வரையணும்" என்றான். அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

வீட்டில் பாஸ்கல் ஈரத் துண்டு தோளில் கிடக்க அதே நாற்காலியில் இருந்தார். மடியில் இதழ் விரிந்திருந்தது.

"இது குமாரிதானே?"

"ஆமாம்பா."

"எடுக்கச் சொன்னது நீயா?"

"நான்தான்."

"கடைசியில கண்ணத் தொறந்தாளா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் மிச்ச நாளை ஓட்டியிருப்பார். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இல்லப்பா. அது அவன் சேத்தது."

பாஸ்கல் இதழை மூடினார். "டாக்டரு எங்கிட்டயும் சொன்னாரு. எனக்குத்தான் மனசு வரல, கோயிலுக்கு ஓடிட்டேன். நீ செஞ்சத தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா எம்பொண்டாட்டி எப்படிப் போனான்னு அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. படம் போட்டவனுக்கும் அச்சடிச்சவனுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குக் கடைசியாத் தெரியுது."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி வரைய மாட்டேன் என்று ஆன்சனுக்கு எழுதினாள். இதழ் நன்றாக விற்று மறுபதிப்பு வந்தது. அதன் முதல் பக்கத்தில் 'ஞானகுமாரி அம்மாவின் நினைவுக்கு' என்று போட்டிருந்தான். அதை மரியாதை என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்த மாதா கோயில் பெண்கள் சிலர் கதையில் வருவது நிஜமா என்று பெனிஷாவிடம் நேராகவே விசாரித்தார்கள். ஆன்சன் பலமுறை அழைத்தான். அவள் எடுக்கவில்லை.

பாஸ்கல் வெகு நாள் அவளோடு அளந்துதான் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோது, அவளைப் பார்க்காமலே, "அன்னிக்கு நான் போனப்புறம் நடந்தத மொதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

சொன்னாள். அவர் சிலுவையில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"அவ கை சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா. ரொம்ப நேரம் இருந்துச்சு."

தலையாட்டிவிட்டு, வெயில் ஏறுகிறது, போகலாம் என்றார்.