அஞ்சலாட்சிக்குக் காய்ச்சல் இல்லை

அடுப்பில் கொதித்த மீன் குழம்பை அப்படியே விட்டுவிட்டு அஞ்சலாட்சி கிணற்றடிக்கு ஓடினாள். காலையில் குளித்தவள்தான். இருந்தும் ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டாள். மார்பிலிருந்து முகத்துக்குச் சூடு குப்பென்று ஏறும், வேர்வை ஓடும், நெஞ்சு படபடக்கும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கி உடம்பு சில்லிட்டுப் போகும். ஆறு மாதமாக இதே பாடு. தூக்கமும் போய்விட்டது.

"மாத்திர முழுங்குனியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அவள் புருஷன் தெய்வசிகாமணி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"முழுங்கி இன்னா ஆவுது? காதுல எந்நேரமும் ஙொய்ங்குது. நேத்து மார்க்கெட்டாண்ட ரிக்‌ஷா மணியே கேக்கல. மேல ஏறியிருப்பான்."

அது கொய்னா மாத்திரை, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுப்பது; காதை இரைய வைக்கும். அவளுக்குக் காய்ச்சலே கிடையாது! பின் ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டால், அங்கேதான் நமக்கு எரிச்சல் வருகிறது.

ஆஸ்பத்திரி டாக்டர் வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. தெய்வசிகாமணிக்குப் பிரெஞ்சு தெரியும். அந்தப் பெருமையும் கொஞ்சநஞ்சமில்லை. அஞ்சலாட்சி தமிழில் சொல்வாள், அவர் பிரெஞ்சில் எடுத்துச் சொல்வார். "தூரம் நின்னுபோச்சுன்னு சொல்லுங்க" என்று அவள் ஒவ்வொரு முறையும் சொன்னாள். மாதவிலக்கு நின்றதை இன்னோர் ஆம்பிளையிடம் சொல்வதா? மனுஷர் கூசிப்போய், உடம்பு சுடுகிறது, வேர்க்கிறது, காய்ச்சல்தான் என்று முடித்துக்கொள்வார். டாக்டர் கொய்னா எழுதினார். இரண்டாம் தடவை அளவைக் கூட்டினார்.

மூன்றாம் தடவை போனபோது சுலோசனா என்ற புது நர்ஸ் அங்கே நின்றிருந்தாள். இரண்டு பாஷையும் தெரிந்தவள்.

"ஐயா, அவங்க சொன்னது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணு. தூரம் நின்னத ஏன் சொல்லாம வுட்டீங்க?"

"பொம்பள சமாச்சாரம்மா. டாக்டராண்ட போயி எப்படி..."

"டாக்டராண்ட சொல்லாம வேற யாராண்ட சொல்லுவீங்க?"

எல்லாவற்றையும் சுலோசனாவே டாக்டரிடம் பிரெஞ்சில் சொன்னாள். அவர் வயதைக் கேட்டார், கடைசியாக எப்போது தூரமானாள் என்று கேட்டார், பிரஷர் பார்த்தார். இரத்தத்தைச் சோதித்து, மலேரியா இல்லை என்று தெரிந்ததும் கொய்னாவை நிறுத்தினார்.

"அம்மா, உங்களுக்கு நாப்பத்தெட்டு வயசு. தூரம் நிக்கிற பருவம் இது, நோவு இல்ல" என்றாள் சுலோசனா. "இந்தச் சூடு, படபடப்பு, கோவம் எல்லாம் அதனாலதான். காப்பியக் கொறைங்க, காலாற நடங்க. ரொம்ப முடியலன்னா அதுக்கும் மாத்திர இருக்குது, டாக்டர் பாத்துக் குடுப்பாரு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஒரு வருஷம் நின்னப்புறம் மறுபடி ரத்தம் பட்டா, உடனே ஓடி வரணும்."

அஞ்சலாட்சிக்குக் கண் நிறைந்தது. அடுத்த நிமிடமே ஆத்திரமும் வந்தது.

"பைத்தியந்தான் புடிக்குதுன்னு தெனம் செத்தேனே! என் உடம்பச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. உங்களுக்கு இன்னா வெக்கம்?"

தெய்வசிகாமணி எழுந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்தால், பட்டாளத்துக் கூட்டாளி ராமலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இன்னாப்பா, ஊட்டம்மாவுக்கு இன்னும் காய்ச்சல் வுடலியா?"

தெய்வசிகாமணி பெண்டாட்டியை ஒருமுறை பார்த்தார்.

"காய்ச்சல் இல்லப்பா. தூரம் நிக்கிற வயசு" என்றார், பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "உன் ஊட்டுலயும் வரும். வெக்கப்பட்டு மறைச்சேன், இல்லாத நோவுக்கு இவளுக்கு மருந்து குடுத்தேன். நீயும் அந்தத் தப்பப் பண்ணாத. அவங்க இன்னா சொல்றாங்களோ, அத அப்படியே டாக்டராண்ட சொல்லு."